எலியின் மண்ணீரலில் இருந்து பத்து லட்சம் செல்கள்: கர்ப்பகால இரத்த அழுத்தத்தில் டி செல்லின் பங்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

கர்ப்பம் இருபது வாரத்தைத் தாண்டிய பிறகு, அதுவரை சரியாக இருந்த பிரஷர் 140/90-ஐத் தொட்டுவிட்டு இறங்க மறுக்கிறது. கூடவே சிறுநீரில் புரதம் போகிறது, அல்லது கல்லீரலோ சிறுநீரகமோ மூளையோ தடுமாறத் தொடங்குகிறது. இதற்குத்தான் பிரீஎக்லாம்ப்சியா என்று பெயர். உலக அளவில் நூறு கர்ப்பங்களில் இரண்டிலிருந்து எட்டு வரை இதில் மாட்டுகின்றன. முற்றினால் வலிப்பு வரும். மாத்திரை கொடுத்துப் பிரஷரை அடக்கி வைக்கலாம். நோயையே நிறுத்த வேண்டுமானால் நஞ்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும், அதாவது பிரசவம் ஆக வேண்டும்.

குழந்தை அல்ல, நஞ்சுக்கொடிதான் ஆணிவேர் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் குழந்தையே இருக்காது, நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர்க்கொப்புளங்களாக வளர்ந்து கிடக்கும். அந்தப் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது.

சரி, கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரைக் கிலோ திசு, கண்ணிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள இரத்தக் குழாய்களை எப்படி இறுக வைக்கிறது? நடுவில் யாரோ தூது போகிறார்கள். அந்தத் தூதரில் ஒருவர் டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல் என்பதை 2011-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். இந்த ஆய்வு அந்தப் பரிசோதனையைப் பிரித்துப் பார்க்கிறது. அது எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்பது இரண்டுமே முக்கியம். இந்தத் துறையைப் பற்றிப் படிக்கும்போது பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

பழைய சந்தேகம்

எதிர்ப்புச் சக்திக்கு இதில் கை இருக்கிறது என்ற சந்தேகம் புதிதல்ல. 1953-ல் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவார் ஒரு கேள்வியைப் போட்டார். குழந்தையின் மரபணுவில் பாதி தகப்பனுடையது. அடுத்தவர் தோலை எடுத்து ஒட்டினால் சில நாளில் உதறித் தள்ளிவிடும் உடம்பு, பாதி அந்நியமான ஒரு உயிரை ஒன்பது மாதம் எப்படி விட்டு வைக்கிறது? மெடவார் கேட்டது பொறுமையின் காரணத்தை. பின்னால் வந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: அந்தப் பொறுமை குறைந்தால் என்ன ஆகும்?

இந்த நோய் முதல் கர்ப்பத்தில்தான் அதிகம், அடுத்தடுத்த கர்ப்பங்களில் குறைவு. அது ஒரு துப்பு. இன்னொன்று கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இருந்து வந்தது. அங்கே பியர் இவ் ரொபிலார் குழுவினர் 1,011 தாய்மார்களைப் பார்த்து 1994-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். கர்ப்பகால இரத்த அழுத்தம் முதல் கர்ப்பக்காரர்களில் 11.9 சதவீதம். அதே கணவரோடு அடுத்த கர்ப்பம் என்றால் 4.7. வேறு துணையோடு அடுத்த கர்ப்பம் என்றால் 24. கருத்தரிப்பதற்கு முன் சேர்ந்து வாழ்ந்த காலம் நீள நீள ஆபத்து குறைந்தது. தகப்பன் தரப்புப் புரதங்களுக்குத் தாயின் உடம்பு முன்பே பழகிவிட்டால் பொறுத்துக்கொள்கிறது என்று இதைப் படித்தார்கள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2002-ல் நார்வேயின் பிறப்புப் பதிவேட்டை வைத்து வந்த ஆய்வு இதில் குறுக்கே நின்றது. துணை மாறுகிறபோது இரண்டு பிரசவங்களுக்கு இடையே காலமும் நீண்டுவிடுகிறது. அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் துணை மாறியதற்கென்று தனி ஆபத்து மிஞ்சவில்லை என்றார்கள். அதே ஆண்டு லண்டனில் இருந்து வேறொரு செய்தி: எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளில், மருந்தே எடுக்காதவர்களுக்கு இந்த நோய் குறைவு; கூட்டு மருந்து எடுத்து சிடி4 செல்கள் (மற்ற எதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் உதவி டி செல்கள்) மீண்டவர்களுக்கு மற்றவர்களைப் போலவே வந்தது. எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 டி செல்களைத்தான் என்பதால் இது காதில் விழுந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு வேறு ஊர்களில் வந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மனிதர்களைக் கணக்கெடுத்துப் பார்ப்பதில் இதற்கு மேல் போக முடியாது. நோயுள்ள பெண்ணின் இரத்தத்தில் அடக்கி வைக்கும் டி செல்கள் குறைவு, அழற்சி கிளப்பும் பதினேழாம் வகை டி செல்கள் அதிகம் என்று எத்தனை தடவை எண்ணிக் காட்டினாலும், பிரஷர் ஏறியதால் செல் மாறியதா, செல் மாறியதால் பிரஷர் ஏறியதா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கிளிப் போட்ட எலி

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன். அங்குள்ள மருத்துவ மையத்தின் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பியவர் ஆர்தர் கைட்டன். மருத்துவம் படித்த எவருக்கும் அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தை நீண்ட காலத்துக்குத் தீர்மானிப்பது சிறுநீரகம் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அவர் உருவாக்கிய துறையில், ஜோயி கிரேஞ்சரின் குழு கர்ப்பத்துக்கென்று ஒரு எலி மாதிரியை வைத்திருந்தது. குழுவில் இருந்த பார்பரா அலெக்சாண்டர் அதைப் பற்றி 2001-ல் எழுதினார்.

செய்முறை இப்படி. எலியின் கர்ப்பம் 21, 22 நாள். பதினான்காம் நாள் வயிற்றைத் திறந்து, வயிற்றுப் பெருந்தமனி இரண்டு கால்களுக்கும் பிரிவதற்குச் சற்று மேலே ஒரு வெள்ளிக் கிளிப் போடுவார்கள். கிளிப்பின் உள்வாய் 0.203 மில்லிமீட்டர். இதோடு விட்டால் கருப்பைக்கு அண்டத் தமனி வழியாக மாற்றுப் பாதையில் இரத்தம் வந்து சேர்ந்துவிடும். அதனால் இரண்டு பக்கத்திலும் அந்தக் கிளைகளுக்கு 0.1 மில்லிமீட்டர் கிளிப். கருப்பைக்குப் போகும் இரத்தம் சுமார் நாற்பது சதவீதம் குறையும். பத்தொன்பதாம் நாள் அளந்தால், சாதாரணக் கர்ப்ப எலிக்குச் சுமார் நூறு மி.மீ. இருக்கும் சராசரித் தமனி அழுத்தம் இந்த எலிக்கு அதைவிட இருபது மி.மீ.க்கும் மேல் ஏறியிருக்கும். குட்டிகள் சிறுத்திருக்கும்.

மனித நோயில் நடப்பதாகக் கருதப்படுவதன் சுருக்கப் பதிப்பு இது. நல்ல கர்ப்பத்தில், நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் இறங்கி, அவற்றின் தசைச் சுவரைக் கலைத்து, குறுகலான குழாயை அகலமாக்கிவிடும். பிரீஎக்லாம்ப்சியாவில், அதிலும் சீக்கிரமே வரும் வகையில், இந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி மூச்சுத் திணறுகிறது.

செல் மாற்றியது

அதே ஜாக்சன் மையத்தில் பாபெட் லாமார்காவின் குழு இந்த மாதிரியை எடுத்துக்கொண்டது. கெட்ரா வாலஸ் முதல் ஆசிரியராக 2011-ல் ஹைப்பர்டென்ஷன் இதழில் வந்த கட்டுரை அவர்களுடையது.

கிளிப் போட்ட எலியின் மண்ணீரலை எடுத்தார்கள். அதிலிருந்து சிடி4 டி செல்களை மட்டும் பிரித்தார்கள். அந்தப் பத்து லட்சம் செல்களை, பதின்மூன்றாம் நாள் கர்ப்பத்தில் இருக்கும் வேறொரு எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அந்த எலிக்கு அறுவை இல்லை, கிளிப் இல்லை. அதன் நஞ்சுக்கொடிக்கு முழு இரத்தமும் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நாள், கழுத்துத் தமனியில் வைத்த குழாய் வழியாக அழுத்தத்தைப் பார்த்தபோது, பத்து மி.மீ.க்கும் மேல் ஏறியிருந்தது. இரத்தத்தில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதமும், எஸ்ஃபிளிட்-1 என்ற நஞ்சுக்கொடிப் புரதமும் கூடியிருந்தன.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒப்பீட்டுக் குழுதான். இந்த எலிகள் ஸ்ப்ரேக் டாலி வகை, ஒரே வார்ப்பாக இனப்பெருக்கம் செய்யப்பட்டவை அல்ல. ஒன்றின் செல்லை இன்னொன்றுக்குப் போட்டால், அந்நியச் செல் வந்ததற்கான எரிச்சலே பிரஷரை ஏற்றியிருக்கலாம் என்று ஒருவர் கேட்பார், கேட்க வேண்டும். அதற்காகத்தான் சாதாரணக் கர்ப்ப எலியின் மண்ணீரலில் இருந்தும் அதே அளவு செல் எடுத்துச் செலுத்திப் பார்த்தார்கள். பிரஷர் ஏறவில்லை. ஆக, ஏற்றியது அந்நியத்தன்மை அல்ல. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி இருந்த உடம்பில் அந்தச் செல்கள் கற்றுக்கொண்டு வந்த ஏதோ ஒன்று.

இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. 2004-ல் ஜெர்மனியில் அனா சென்க்ளூசென் குழு, தூண்டிவிட்ட உதவி டி செல்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியது. கர்ப்பச் சுண்டெலிக்குப் பிரஷரும் ஏறி சிறுநீரில் புரதமும் போயிற்று. கர்ப்பம் இல்லாத சுண்டெலிக்கு ஒன்றும் ஆகவில்லை. செல் மட்டும் போதாது, அது போய்ச் சேர ஒரு நஞ்சுக்கொடி வேண்டும் போலிருக்கிறது.

செல் போய் என்ன செய்கிறது

டி செல் நேராக இரத்தக் குழாயைப் பிடித்து முறுக்குவதில்லை. அதற்கு ஆள் வைத்து வேலை வாங்கத் தெரியும்.

முதல் ஆள் பி செல், அதாவது ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும் செல். கதை இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆஞ்சியோடென்சின் இரத்தக் குழாயைச் சுருக்கும் ஹார்மோன். நல்ல கர்ப்பத்தில் பெண்ணின் உடம்பு அதற்கு மசியாது; அதே அளவு பிரஷர் ஏற்ற வழக்கத்தை விட அதிக ஆஞ்சியோடென்சின் தேவைப்படும். பிரஷர் வரப்போகும் பெண்களிடம் இந்த மசியாத்தன்மை நோய் தெரிவதற்குப் பல வாரம் முன்பே போய்விடுகிறது என்று நார்மன் கான்ட் 1973-ல் டல்லாஸில் காட்டினார். ஏன் போகிறது என்பதற்கான பதிலில் ஒரு பகுதி 1999-ல் பெர்லினில் கிடைத்தது. கெர்ட் வாலுகாட் குழு பிரீஎக்லாம்ப்சியா உள்ள 25 பெண்களின் இரத்தத்தில் இருந்து ஆன்டிபாடிகளைப் பிரித்து, கிண்ணத்தில் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும் எலிக்குட்டி இதயச் செல்களின் மேல் விட்டது. துடிப்பு வேகம் எடுத்தது. ஆஞ்சியோடென்சின் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை அடைக்கும் லோசார்டான் மருந்தைச் சேர்த்ததும் வேகம் அடங்கியது. அதாவது, அந்தப் பெண்களின் உடம்பே ஆஞ்சியோடென்சின் வேடம் போடும் ஒரு ஆன்டிபாடியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 2008-ல் ஹூஸ்டனில் அதே ஆன்டிபாடியைக் கர்ப்பச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் நோயின் அறிகுறிகள் வந்தன.

ஆன்டிபாடி செய்வது பி செல். செய்யச் சொல்வது சிடி4 டி செல். ஜாக்சன் குழு இந்தக் கண்ணியைத் தனித்தனியாக வெட்டிப் பார்த்தது. டி செல் செலுத்திய எலிக்கு, பி செல்லை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் கொடுத்தபோது பிரஷர் ஏற்றம் தணிந்தது. லோசார்டான் கொடுத்தாலும் தணிந்தது. டி செல் பி செல்லிடம் பேசப் பயன்படுத்தும் சிடி40 பிணைப்பியை, செலுத்துவதற்கு முன்பே அடைத்துவிட்டபோதும் தணிந்தது, ஆன்டிபாடியும் குறைந்தது. தனியாக எந்த ஒன்றையும் சந்தேகிக்கலாம். மூன்று இடத்தில் வெட்டியும் ஒரே திசையில் பதில் வருவதுதான் இந்தத் தொடரை நம்ப வைக்கிறது.

டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களும் இந்த ஆன்டிபாடியும் சேர்ந்து இரத்தக் குழாயின் உட்சுவரைக் கிளறுகின்றன. உட்சுவர் எண்டோதீலின் என்ற பொருளைச் சுரக்கிறது. குழாயைச் சுருக்குவதில் அதற்கு ஈடு குறைவு. எஸ்ஃபிளிட்-1 வேறு பக்கத்தில் இருந்து அடிக்கிறது: குழாய்ச் சுவரை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிப் புரதங்களை இரத்தத்திலேயே மறித்துப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் புரதம்தான் நோயின் பின்னால் இருக்கிறது என்று 2003-ல் பாஸ்டனில் இருந்து காட்டிய குழுவின் தலைவர் அனந்த் கருமஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

எங்கே இடிக்கிறது

கிளிப் போடுவது ஒரு நாள் வேலை. மனித நோயில் நஞ்சுக்கொடி கெடுவது மெதுவாக, முதல் மூன்று மாதத்தில் தொடங்கி நடக்கிறது. எலி மாதிரி அந்தத் தொடக்கத்தைத் தாண்டிக் குதித்து, இரத்தம் குறைந்த கட்டத்தில் இருந்துதான் கதையை ஆரம்பிக்கிறது. ஆகவே, நஞ்சுக்கொடி கெட்ட பிறகு டி செல் என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி சொல்லும். நஞ்சுக்கொடி ஏன் கெட்டது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. டி செல் மேல் குற்றத்தை முழுசாகச் சுமத்தும் கட்டுரைகளைப் பார்த்தால் இந்த வித்தியாசம் காணாமல் போயிருக்கும். அது நடுக்கண்ணி, முதல் குற்றவாளி அல்ல.

எலியில் நடப்பது மனிதரில் நடக்குமா என்ற கேள்விக்கு அதே குழு 2019-ல் பாதி வழி வந்தது. பிரீஎக்லாம்ப்சியாவில் பிரசவித்த பெண்களின் நஞ்சுக்கொடியில் இருந்து சிடி4 செல்களை எடுத்து, தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகளுக்குச் சொந்த டி செல் கிடையாது, அதனால் மனிதச் செல்லை விரட்டாது. கர்ப்பமாக இருந்த அந்த எலிகளுக்குப் பிரீஎக்லாம்ப்சியா போன்ற நிலை வந்தது. நல்ல பிரசவம் ஆன பெண்களின் செல்களைப் பெற்ற எலிகளுக்கு அப்படி வரவில்லை. பாதி வழி என்று சொல்வதற்குக் காரணம், செல் மனிதருடையது, இரத்தக் குழாய் எலியுடையது.

கருப்பைக்குள் வேறு கதை

இதுவரை எதிர்ப்புச் செல் என்றாலே தொல்லை என்பது போல வந்துவிட்டது. அப்படி இல்லை.

முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உள்படலத்தில் இருக்கும் வெள்ளணுக்களில் பெரும்பகுதி, சுமார் எழுபது சதவீதம், இயற்கைக் கொல்லிச் செல்கள். பெயர்தான் அப்படி, அங்கே அவை கொல்வதில்லை. சுருள் தமனியை அகலப்படுத்தும் வேலையில் நஞ்சுக்கொடிச் செல்லுக்குக் கைகொடுக்கின்றன. அதற்கு முதலில் அவை நஞ்சுக்கொடிச் செல்லை அடையாளம் காண வேண்டும். தாயின் கொல்லிச் செல் மேல் உள்ள ஏற்பி ஒரு வகை, குழந்தையின் செல் மேல் உள்ள எச்.எல்.ஏ.-சி என்ற அடையாளப் புரதம் ஒரு வகை. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழு 2004-ல் கண்டது இது: தாய்க்கு இந்த ஏற்பிகளில் ஏஏ வகை, குழந்தைக்கு அந்த அடையாளப் புரதத்தில் சி2 வகை என்று ஜோடி சேர்ந்தால் பிரீஎக்லாம்ப்சியா அதிகம். அந்த ஜோடியில் கொல்லிச் செல் அளவுக்கு மீறி அடங்கிப்போகிறது, வேலை நடப்பதில்லை. அதே குழு உகாண்டாவின் கம்பாலா மருத்துவர்களோடு சேர்ந்து ஆப்பிரிக்கப் பெண்களிடம் பார்த்தபோது, 2015-ல், ஏஏ ஆபத்து அங்கேயும் இருந்தது. ஆனால் அதிலிருந்து காக்கும் மரபணு வேறாக இருந்தது, ஐரோப்பியர்களிடம் காணப்பட்டது அல்ல.

இப்போது முரண்பாட்டைக் கவனியுங்கள். நஞ்சுக்கொடி வேரூன்றும் பருவத்தில் எதிர்ப்புச் செல் போதுமான அளவு சுறுசுறுப்பாக இல்லாவிட்டால் ஆபத்து. பின்பருவத்தில் அளவுக்கு மீறி விழித்துக்கொண்டால் ஆபத்து. கிளிப் போட்ட எலிகளில் கொல்லிச் செல்களை ஒழித்துப் பார்த்தபோது பிரஷர் இறங்கி, குட்டிகளின் எடையும் கூடியது என்று 2017-ல் ஜாக்சன் குழுவே எழுதியது. பின்பருவத்தில் அது சரி. அதே மருந்தை முதல் மாதங்களில் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. "கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நிறுத்தினாலே இந்த நோயைப் புரிந்துகொள்வது பாதி எளிதாகிவிடும்.

மருந்து மேசைக்கு வந்தால்

எலியில் பலித்தவை ஏராளம். டி.என்.எஃப்.-ஐ மறிக்கும் எட்டனர்செப்ட், டி செல் தூண்டுதலைத் தடுக்கும் அபாட்டாசெப்ட், ரிட்டுக்சிமாப், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10, எல்லாமே பிரஷரை இறக்கின. பெண்ணிடம் வரும்போது ஒவ்வொரு கதவிலும் பூட்டு. ரிட்டுக்சிமாப் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிறந்த குழந்தையின் பி செல்களையும் குறைக்கும். லோசார்டான் வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எண்டோதீலினை மறிக்கும் மருந்துகள் கருவில் ஊனம் உண்டாக்கும் என்பதால் கர்ப்பத்தில் விலக்கப்பட்டவை. எலியில் எந்தக் கண்ணிகளை வெட்டிக் காட்டினார்களோ, மனிதரில் அங்கே கத்தரியை வைக்க முடியவில்லை.

மருத்துவர் கையில் இருப்பது வேறு. ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில், 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்தில் இருந்து 1.6-ஆக இறங்கியது. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட். 2002-ன் மேக்பை ஆய்வு அது வலிப்பைப் பாதிக்கும் கீழே குறைப்பதைக் காட்டியது. பிரஷருக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா. சந்தேகம் உள்ளவர்களிடம் எஸ்ஃபிளிட்-1-க்கும், அது மறித்துப் பிடிக்கும் வளர்ச்சிப் புரதங்களில் ஒன்றான பி.எல்.ஜி.எஃப்.க்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை. 38-ஐத் தாண்டவில்லை என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்பதை 99 சதவீத உறுதியோடு சொல்லலாம். இதே விகிதம் பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது, வேறு வரம்பு எண்ணோடு. இந்தப் பட்டியலில் டி செல்லைக் குறிவைத்தது ஒன்றுகூட இல்லை.

நடுக்கண்ணியை வெட்டுவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 2011-ல் வந்த ஒரு சிறு ஆய்வைக் காட்டலாம். கருமஞ்சியும் இருந்த அந்தக் குழு, 27 முதல் 30 வாரக் கர்ப்பத்தில் கடும் பிரீஎக்லாம்ப்சியாவோடு இருந்த மூன்று பெண்களின் இரத்தத்தை வடிகட்டி வழியே திரும்பத் திரும்ப ஓட்டி எஸ்ஃபிளிட்-1-ஐக் குறைத்தது. சிறுநீரில் புரதம் குறைந்தது, பிரஷர் நிலைபெற்றது. நோய் போகவில்லை. பிரசவத்தை 15 முதல் 23 நாள் வரை தள்ளிப்போட முடிந்தது. நுரையீரல் இன்னும் முதிராத குழந்தைக்கு அந்த மூன்று வாரம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியரும் சொல்வார்.